விறகுக்குப் போகும் கட்டிலில் வைரம்!

சிவகாசி என்றதும் மரம் எப்படி நினைவுக்கு வரும்? தீக்குச்சியாகத்தான் வரும்.

மெல்லிய மரம். உரசினால் ஒரு நொடியில் எரிந்து கரியாகிவிடும். அந்த ஒரு நொடியை நம்பித்தான் ஓர் ஊரே எழுந்தது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிறகு நடந்ததை நாடே அறியும்.

இது வேறு ஒரு மரத்தின் கதை. நூறு ஆண்டு ஆனாலும் உறுதி குறையாத மரத்தின் கதை.

அந்த மரத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். விருதுநகரில் பஸ் ஏறி, மதுரை வழியாகப் போனால் காரைக்குடி. 1985 வரை இந்த இரண்டு ஊர்களும் இராமநாதபுரம் என்ற ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழைய சாமான் கடைகளுக்குப் பேர்போன தெரு. கட்டில், பீரோ, ஊஞ்சல் பலகை, கல்லாப்பெட்டி, கணக்குப்பிள்ளை சாய்வு மேசை, பீங்கான் ஜாடி, பர்மா அரக்குக் கூடை என்று கடை நிறையக் குவிந்து கிடக்கும். ஒரு காலத்தில் மாளிகைகளை அலங்கரித்த பொருள்கள் இவை. இன்று தூசி படிந்து, விலை கேட்பாருக்காகக் காத்திருக்கின்றன.

மாளிகைச் சாமான் தெருவுக்கு வந்தது எப்படி?

யானை இழுத்த மரம்

செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள். பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. அதனால் கடன் கேட்பவர்களும் பெருகினார்கள். அந்தச் செல்வம் கப்பலேறி ஊருக்கு வந்தது. கூடவே பர்மா தேக்கும் வந்தது.

பர்மாவில் தேக்கை வெட்டிய விதமே தனி. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். அதனால் மரத்தின் அடியில் சுற்றிலும் வளையமாக வெட்டி, நின்றபடியே காய விடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் அது காட்டிலேயே நின்று காயும். பிறகுதான் சாய்ப்பார்கள். யானைகள் இழுத்து ஓடையில் சேர்க்கும். மழை வெள்ளத்தில் மிதந்து, ஆற்றோடு ரங்கூன் வந்து சேரும்.

இப்படிப் பொறுமையாகக் காய்ந்த மரம் லேசில் கோணாது. அதில் இயற்கையாகவே ஒரு வகை எண்ணெய் உண்டு. கரையான் அதன் நடுப்பகுதியைத் தொட அஞ்சும். அந்த நடுப்பகுதியைத்தான் நம்மவர்கள் ‘வைரம்’ என்கிறார்கள். வைரம் பாய்ந்த கட்டை என்று கிழவர்களைப் புகழ்வதும் இதனால்தான்.

இன்று அந்த மரம் சுலபத்தில் கிடைக்காது. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு, வெட்டிய கட்டையை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. பழைய கட்டிலுக்கு மதிப்பு ஏற இதுவும் ஒரு காரணம்.

பூட்டிய வீடு

நல்ல காலம் நிலைக்கவில்லை. 1930-க்குப் பிறகு உலகெங்கும் விலைவாசி சரிந்தது. பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சில ஆண்டுகளுக்குள் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிற்று. கேட்பதற்கு லாபம் போலத் தோன்றும். உண்மையில் ரொக்கம் முழுவதும் மண்ணில் முடங்கிவிட்டது. பர்மியரின் கோபமும் வளர்ந்தது.

1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. இந்தியர்கள் கால்நடையாகவே காடு மலை தாண்டி ஓடி வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். 1962-ல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. மிச்சமிருந்தவர்களும் திரும்பினார்கள்.

ஊரில் மாளிகை நின்றது. வருமானம் நின்றுவிட்டது!

அதோடு இன்னொரு சிக்கல். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற யார் பணம் போடுவது? பதில் வருவதற்குள் மழை வந்துவிடுகிறது. கூரை ஒழுகி, சுவர் ஊறி, வீடு இடியும் நிலைக்கு வந்தபின் எல்லோரும் விற்கச் சம்மதிக்கிறார்கள். தூண் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம் போகிறது.

சில வீடுகளுக்கு நல்ல காலம். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. இடிபட இருந்ததை வாங்கி, பிரித்து எடுத்துக் கொண்டுபோய், மறுபடி கட்டி நிறுத்தினார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

கொட்டகை போதும்

பழைய சாமானைச் செப்பனிட்டு விற்கப் பெரிய ஆலை தேவையில்லை. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகை போதும். உளி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி, உப்புத்தாள். இவ்வளவுதான் முதல். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் மரவேலை தெரிந்த குடும்பங்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில் இது.

ஆனால் வாங்கும்போதே கண் வேண்டும்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் பளபளப்பைப் பார்ப்பார். அனுபவசாலி கட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் பாலிஷ் இருக்காது. மரம் தன் சொந்த நிறத்தைக் காட்டும். ஓரத்தில் வெளுத்த பகுதி தெரிந்தால் அது வைரம் ஏறாத வெள்ளைப் பகுதி. பூச்சி முதலில் அங்கேதான் குடியேறும். தேக்கே ஆனாலும் அந்தப் பகுதி தப்பாது.

பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா? அதற்கு ஓர் எளிய சோதனை. காலுக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, நாலைந்து நாள் விட்டுவிட வேண்டும். மாவு போலப் புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது! அரித்த இடத்தை வெட்டி எடுத்து, அதே ரேகை ஓட்டமுள்ள பழைய துண்டைப் பொருத்துவதே நல்ல வேலை. மாவு பூசி மறைப்பது ஏமாற்று வேலை.

காய்ந்த பூமியின் குணம்

விருதுநகர் வட்டாரம் மழை குறைந்த பூமி. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கு இந்தக் காய்ந்த காற்றும் ஒரு காரணம். ஆனால் மரச்சாமானுக்கு அதே காற்று சோதனை.

கடலோரத்து ஈரக்காற்றில் இருந்த பீரோ இங்கே வந்ததும் சுருங்கும். மூட்டுகள் தளரும். வந்த அன்றே பசை வைத்து இறுக்கினால் பிறகு வெடிக்கும். சில வாரம் கொட்டகையில் சும்மா நிற்க விட வேண்டும். ஊர்க் காற்றுக்குப் பழகியபின் கை வைக்க வேண்டும்.

பழைய தச்சர்களின் கெட்டிக்காரத்தனத்தை இங்கே பாருங்கள். பீரோக் கதவின் நடுப்பலகையை அவர்கள் ஒட்டுவதும் இல்லை, ஆணி அடிப்பதும் இல்லை. சட்டத்தின் பள்ளத்தில் சும்மா செருகி வைப்பார்கள். வெயிலில் சுருங்கவும், மழையில் விரியவும் அதற்கு இடம் இருக்கும். இது தெரியாதவர், ‘பலகை ஆடுகிறதே!’ என்று ஆணி அடித்துவிடுகிறார். அடுத்த கோடையில் பலகை நடுவில் பிளக்கிறது.

பசையிலும் விஷயம் உண்டு. அந்தக் காலத்துப் பசை வஜ்ரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதன் பெருமை ஒட்டுவதில் மட்டும் இல்லை. சூடும் ஈரமும் காட்டினால் இளகிப் பிரிந்துவிடும். அதனால்தான் நூறு வருஷ நாற்காலியை உடைக்காமல் கழற்ற முடிகிறது. இன்றைய வெள்ளைப் பசையால் இறுக்கியதைக் கழற்ற முயன்றால் மூட்டோடு மரமும் பிய்ந்து வரும்.

குழந்தைகள் உள்ள வீடு

வீட்டிலேயே செய்யும் தொழில் என்றால் வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். இதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடும் வரம்பு வந்தது 2017-ல்தான். பழைய தொட்டிலை, பச்சை பெயிண்ட் அடித்த அலமாரியை உப்புத்தாளால் உலர்ந்தபடி தேய்த்தால் அந்த ஈயம் தூளாகப் பறக்கும். தரையில் படியும். தவழும் குழந்தையின் கைக்கும், அங்கிருந்து வாய்க்கும் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துச் சுரண்ட வேண்டும். தூளை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை விடவே கூடாது.

இன்னொன்று, எண்ணெய்த் துணி. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் உள்ளேயே ஏறும். நெருப்பு வைக்காமலே தீப்பற்றும்! ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறும் என்பது பட்டாசுத் தொழிலாளிக்குத் தெரியும். இதுவும் அது போலத்தான். துணியை விரித்துக் கொடியில் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்த வேண்டும்.

பளபளப்பு

பழைய சாமானுக்கு ஏற்றது அரக்குப் பாலிஷ். ஜார்க்கண்டு, சத்தீஸ்கர்க் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சிகள் தரும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தால் இது கிடைக்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், ஆகவே அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பஞ்சைத் துணியில் சுற்றி, தொட்டுத் தொட்டு, மெல்லிய பூச்சாகப் பல தடவை தேய்ப்பார்கள். ஒரே நாளில் கெட்டியாகப் பூசி முடிப்பவர் வேலை, சூடான டம்ளர் வைத்ததும் வெள்ளை வளையம் காட்டிவிடும். உண்மையைச் சொன்னால் நல்ல பாலிஷிலும் அது வரும். ஆனால் நல்ல பாலிஷை அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துச் சரி செய்யலாம்.

சாய்வு நாற்காலிக்குப் பிரம்புப் பின்னல் உயிர். பிரம்பை நீரில் ஊறவைத்து, ஈரமாகவே பின்ன வேண்டும். காயும்போது அது தானாக இறுகி, தட்டினால் மேளம் போலச் சத்தம் கொடுக்கும். பார்வையற்றோர் பள்ளிகளில் இதைத் தொழிலாகவே கற்றுக் கொடுத்தார்கள். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னிப் பிழைத்தவர்கள் அவர்களில் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலி வந்தபின் அந்த விரல்களுக்கு வேலை குறைந்தது. பின்னத் தெரிந்தவர் இன்று கிடைத்தால் அவரை விடக் கூடாது.

கணக்கும் சட்டமும்

இந்தத் தொழிலில் நஷ்டம் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். வாங்கிய விலையை மட்டும் கணக்கில் எழுதுகிறார்கள். தங்கள் கூலியை எழுதுவதில்லை. ஒரு கட்டிலுக்கு எட்டு நாள் உழைத்தால் எட்டு நாள் கூலியும் அதன் விலையில் ஏற வேண்டும். லாரி வாடகையும் ஏற வேண்டும். அப்படிக் கூட்டிப் பார்த்து, விற்கும் விலைக்கு மேல் போனால் அந்தச் சாமானை வாங்காமல் விடுவதே லாபம்.

விற்பவர் பக்கமும் ஒரு வார்த்தை. “உளுத்த கட்டில்தானே ஆச்சி, விறகுக்குத்தான் ஆகும்” என்று வியாபாரி சொல்லும்போது, தனியாக இருக்கும் பாட்டிமார்கள் நம்பிவிடுகிறார்கள். விறகுக்கு வாங்குகிறவர் ஏன் இரண்டு முறை கவிழ்த்துப் பார்க்கிறார் என்று கேட்டால் போதும். விலை ஏறும்!

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத, சரித்திர மதிப்புள்ள பொருள் ‘தொல்பொருள்’ ஆகும். அதை வியாபாரம் செய்ய லைசென்சு வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. கோயில் வாகனம், தேர்ச் சிற்பம் போன்றவை மலிவாக வந்தால் தொடாமல் இருப்பது நல்லது. அது எங்கிருந்து பெயர்க்கப்பட்டதோ! இத்தகைய திருட்டுகளைப் பிடிப்பதற்கென்றே தமிழ்நாட்டுப் போலீசில் 1983 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது. எதை வாங்கினாலும் விற்றவரிடம் ரசீது எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாக இருக்க வேண்டும்.

தொழில் சுத்தமுள்ள தச்சர் விற்கும்போது ஒன்று செய்வார். மேலெல்லாம் பாலிஷ் ஏற்றினாலும் அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டு வைப்பார். வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே, இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவார். ஒட்டுப்போட்ட இடம் எது, பழைய மரம் எது என்று விரல் வைத்துச் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார்.