மாதச் சந்தாவுக்கு மாறிய போட்டோஷாப்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் ஆரம்பாக்கம். இங்கும் பக்கத்துக் கும்மிடிப்பூண்டியிலும், ஃப்ளெக்ஸ் பேனரோ கம்பெனி இணையதளமோ, டிசைனர்கள் அதிகம் நம்புவது போட்டோஷாப்பைத்தான்.

1990-ல் முதல் பதிப்பு மேக் கணினிக்கு மட்டுமே வந்தது. அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு, திருச்சி ஆர்.இ.சி.யில் படித்த சீதாராமன் நாராயணனுக்கு உண்டு. மென்பொருள் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் அவரைப் பார்த்துப் பழகாத டிசைனர்கள் குறைவு.

1994-ல் லேயர், 1998-ல் ஹிஸ்டரி என வந்த வசதிகளை எல்லோரும் கொண்டாடினார்கள். 2013-ல்தான் கோபம் வெடித்தது. இனி பெட்டியில் விற்பனை இல்லை, சந்தா மட்டுமே என்று போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி அறிவித்ததும் ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். கோபம் நியாயமானது. பணம் கட்டுவதை நிறுத்தினால் மென்பொருள் வேலை செய்யாது. உழைத்துச் செய்த பிஎஸ்டி கோப்புகள் கையில் இருந்தாலும் அவற்றைப் போட்டோஷாப்பில் திறக்க முடியாது.

ஆனாலும் தமிழ் டிசைனர்களுக்குப் புதிய பதிப்புகளை வரவேற்க ஒரு காரணம் இருந்தது. பழைய பதிப்புகளில் யூனிகோடில் ‘கெ’ அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனாலேயே பலர் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவிலேயே தங்கினார்கள். பின்னர் வந்த பதிப்புகள் இதைச் சரிசெய்தன.

2023-ல் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தது: இடத்தைக் குறித்து, வேண்டியதை எழுதினால் படமே உருவாகிறது.

சந்தா கட்ட முடியாத இளைஞர்கள் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டாம். ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் இலவசம், தமிழும் அதில் ஒழுங்காக வரும்.