மீந்ததை என்ன செய்கிறோம்? - சமையலறைக் கழிவும் நம் மனநிலையும்

ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்கு வருகிறோம். கறிக்குழம்பும் ரசமுமாக மதிய உணவு முடிகிறது. தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலை, எலும்பு, மீந்த சோறு, காலையில் உரித்த வெங்காயத் தோல், பால் கவர், மசாலா பாக்கெட், குழந்தையின் டயப்பர், தீர்ந்துபோன பேட்டரி என எல்லாமே ஒரே கவருக்குள் போகின்றன. கவரின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, வாசலில் வைத்துவிட்டுக் கையைக் கழுவுகிறோம். மறுநாள் காலை தூய்மைப் பணியாளர் விசில் ஊதிக்கொண்டு வண்டியோடு வருகிறார். கவர் போய்விடுகிறது. நம்மைப் பொறுத்தவரை அதோடு விஷயம் முடிந்தது.

அந்தக் கவர் எங்கே போகிறது? நாம் போட்ட முடிச்சை யார் அவிழ்க்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் நாம் கேட்பதே இல்லை. இன்று சற்றுக் கேட்டுப் பார்ப்போம்.

நமக்குத் தெரியாத பழக்கமா?

குப்பையைப் பிரிப்பது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. நம் பாட்டிமார் காலத்தில் வீட்டின் பின்புறம் கழனிப் பானை ஒன்று இருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் அதில் சேரும். மாடு வைத்திருப்பவர் மாலையில் வந்து எடுத்துப் போவார். அந்தப் பானைக்குள் ஒரு வளையல் துண்டோ, ஊக்கோ விழுந்துவிடக்கூடாது என்பதில் பெரியவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள்! மாட்டின் வயிற்றுக்குப் போகிற பொருள் அது என்று அவர்களுக்குத் தெரியும். சாணமும் சாம்பலும் சருகும் எருக்குழிக்குப் போயின. பழைய பேப்பரும் தகர டப்பாவும் கடைக்குப் போயின. ஆக, பிரித்துப் போடுவது நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்ததுதான்.

பிறகு மாடுகள் நகரை விட்டுப் போயின. பிளாஸ்டிக் கவர் வந்தது. எதையும் உள்ளே போட்டுக் கட்டிவிடலாம் என்ற வசதியும் வந்தது. அந்த வசதியோடு, நாம் போடுவது யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற நினைப்பும் நம்மை விட்டுப் போய்விட்டது. இன்று தெருவில் திரியும் மாடுகள் சோற்றின் மணத்துக்காகக் கவரையும் சேர்த்து விழுங்குகின்றன. இறந்த மாடுகளின் வயிற்றிலிருந்து கிலோ கணக்கில் பிளாஸ்டிக் எடுக்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

கலந்தால் என்ன நடக்கிறது?

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி, மக்கக்கூடிய ஈரக்கழிவு. இதைத் தனியே வைத்தால் இரண்டு மாதத்தில் நல்ல உரமாகும். அல்லது எரிவாயு தயாரிக்கப் பயன்படும். மற்ற பாதியில் பெரும்பகுதி காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம். இவற்றுக்கும் விலை உண்டு. ஆனால் சாம்பார் கொட்டிய செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்குவாரா? கண்ணாடித் துண்டு கிடக்கும் சோற்றை உரக்குழியில் போட முடியுமா? தனித்தனியே இருந்தால் பயன்படும் இரண்டு பொருள்கள், கலந்தவுடன் எதற்கும் உதவாத ஒரே குப்பையாகிவிடுகின்றன.

அந்தக் குப்பை, கிடங்குக்குப் போகிறது. அங்கே மலைபோல் குவிந்து, காற்றுப் புகாத ஆழத்தில் உணவுக்கழிவு அழுகும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கக் கூடியது; எளிதில் தீப்பற்றவும் கூடியது. அழுகிய கழிவிலிருந்து வடியும் கறுப்புநீர் நிலத்தடி நீரில் கலக்கிறது.

சென்னையில் மட்டும் ஒரு நாளில் சேரும் குப்பை ஏறத்தாழ 5,000 டன். பல பத்தாண்டுகளாக இது கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் கொட்டப்பட்டு வந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றிப் பல நாள்கள் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி அருகே பிரம்மபுரம் கிடங்கு எரிந்தபோது, ஏறக்குறைய பன்னிரண்டு நாள்கள் நகரமே புகையில் மூச்சுத் திணறியது. குப்பை மலையின் அருகே வாழ்ந்து அந்தக் காற்றைத் தினமும் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. நம் வாசல் சுத்தமாக இருப்பதற்கான விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

நாம் சொல்லும் காரணங்கள்

அன்பியக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். வழக்கமாக நான்கு பதில்கள் வரும்.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" இது வெறும் சாக்கு அல்ல, சில இடங்களில் நாம் கண்ணால் காண்பதுதான். பிரித்துக் கொடுத்தவருக்கு மனம் சலித்துப் போவது இயல்பே. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தெருவில் நூறு வீடுகளில் பத்து வீடுகள் மட்டும் பிரித்துக் கொடுத்தால், அந்தப் பத்தைத் தனியே எடுத்துச் செல்வது எளிதல்ல. தொண்ணூறு வீடுகள் பிரித்துக் கொடுத்தால், கலந்து கொட்ட அவர்களுக்கே மனம் வராது. பிரித்துக் கொடுப்பவருக்குத்தான் வார்டு உறுப்பினரிடமோ கிராம சபையிலோ எழுந்து நின்று, "ஏன் கலக்கிறீர்கள்?" என்று கேட்கும் உரிமையும் துணிவும் இருக்கும்.

"நாற்றம் அடிக்கும், புழு வைக்கும்." நாற்றத்துக்குக் காரணம் உணவுக்கழிவு அல்ல, அதிலுள்ள அதிக ஈரமும் காற்றில்லாமையும்தான். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் இந்த இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. நீரை வடித்து, திறந்த கூடையில் பழைய செய்தித்தாள் விரித்துப் போட்டு, தினமும் கொடுத்துவிட்டால் நாற்றத்துக்கு இடமில்லை.

"யாருக்கு நேரம் இருக்கிறது?" கலந்த குப்பையைப் பிரிக்கத்தான் நேரமாகும். கலக்காமல் போடுவதற்கு நேரம் தேவையில்லை. வாழைப்பழத் தோலை இடதுபக்கக் கூடையில் போடுவதற்கும் வலதுபக்கக் கூடையில் போடுவதற்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. இங்கே ஒரு நொடியில் முடியும் வேலை, கிடங்கில் ஒரு நாள் உழைத்தாலும் முழுமையாக முடியாது.

"அதற்குத்தான் ஆள் இருக்கிறார்களே, வரியும் கட்டுகிறோமே!" மற்ற மூன்று பதில்களுக்கும் அடியில் ஒளிந்திருப்பது இதுதான். ஆகவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

எச்சிலும் கையும்

தட்டில் இருக்கும் வரை அது சாப்பாடு. மிஞ்சிய அடுத்த நொடி அது எச்சில். நம் கையால் நாம் பிசைந்த சோற்றையே, சற்று நேரம் கழித்துத் தொடக் கூசுகிறோம். ஆனால் அதை இன்னொருவர் தொடுவது மட்டும் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. எந்த மக்களின் தலையில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையை ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரியாதது அல்ல. தொட்டால் தீட்டு என்ற பழைய நோய், நம் குப்பைக் கவரின் முடிச்சுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

அந்த முடிச்சை ஒருவர் தன் கையால் அவிழ்க்கிறார். உள்ளே புளித்த சோறு. அதனுள் சானிட்டரி நாப்கின். அதற்கும் உள்ளே சர்க்கரை நோய்க்குப் போட்ட ஊசி, சவர பிளேடு, உடைந்த கண்ணாடித் தம்ளர். கையுறை அணிந்திருந்தாலும் ஊசி அதைத் துளைக்கும். ஒருநாள் கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் கையில் ஏற்படும் ஒரு வெட்டுக் காயம் என்ன செய்யும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்பணியைச் செய்வோரில் பலர் நம் பங்கைச் சேர்ந்தவர்கள். ஞாயிறன்று நம்மோடு ஒரே நற்கருணைப் பந்தியில் நிற்பவர்கள். அவர்களுடைய கையை "சமாதானம்" என்று பற்றிக்கொள்கிறோம். திங்களன்று அதே கைக்கு எதைக் கொடுக்கிறோம்?

அப்பம் பலுகிய நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில், எல்லாரும் வயிறார உண்ட பிறகும் இயேசு அங்கிருந்து போய்விடவில்லை. மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொல்கிறார். யாரிடம் சொல்கிறார்? சீடர்களிடம். பன்னிரண்டு கூடைகளையும் அவர்களே தங்கள் கையால் நிரப்பினார்கள். பரிமாறிய கையே மீந்ததையும் பொறுக்கியது. அதற்கென்று வேறோர் ஆளை அவர்கள் தேடவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், படைப்பைக் காக்கும் அன்றாடச் சிறு செயல்களைப் பட்டியலிடுகிறார். தேவையான அளவு மட்டும் சமைப்பதும், குப்பையைப் பிரிப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றை அவர் வெறும் சுகாதாரப் பழக்கமாகப் பார்க்கவில்லை. அன்பின் செயல்களாகவே பார்த்தார்.

மனம் மாறினால் முடியும்

தென்கொரியாவில் 2005-ஆம் ஆண்டு முதல் உணவுக்கழிவை அப்படியே நிலத்தில் புதைப்பது தடை செய்யப்பட்டது. 2013 முதல், கொட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தும் முறை நாடெங்கும் வந்தது. பல குடியிருப்புகளில் உணவுக்கழிவை எடை போடும் தொட்டிகளே உள்ளன. பாரம் குறைந்தால் பணமும் குறையும் என்பதால், மக்கள் நீரை வடித்துக் கொட்டவும் அளவாகச் சமைக்கவும் கற்றுக்கொண்டார்கள். அங்கே உணவுக்கழிவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உரமாகவும் தீவனமாகவும் எரிபொருளாகவும் மாறுகிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. தமிழகத்தின் பல ஊர்களில் நுண் உர மையங்களும் வளம் மீட்புப் பூங்காக்களும் அமைந்துள்ளன. ஆனால் அந்த மையத்தின் வாசல் வரை போகும் கழிவு எப்படிப்பட்டது என்பதை நம் சமையலறையே முடிவு செய்கிறது.

எங்கே தொடங்கலாம்?

முதலாவதாக, மீதியைக் குறைப்போம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவுக்கழிவு சேர்கிறது. இதில் தோலும் எலும்பும் அடக்கம். ஐந்து பேர் உள்ள வீட்டில் 275 கிலோ!

இரண்டாவதாக, சமையலறையில் இரண்டு கூடைகள் வைப்போம். ஒன்றில் ஈரக்கழிவு மட்டும். அதைக் கவரில் கட்டாமல் அப்படியே வண்டியில் கொட்டுவோம். மற்றதில் காகிதமும், கழுவிய பால் கவரும், டப்பாக்களும். நாப்கின், டயப்பர் ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, அடையாளமிட்டுத் தனியே கொடுப்போம். ஊசி, பிளேடு, கண்ணாடித் துண்டுகளை ஒரு பழைய டப்பாவில் சேர்த்து, கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவதாக, இடம் உள்ளவர்கள் உரம் தயாரிக்கலாம். துளையிட்ட மண்பானை ஒன்றில் காய்ந்த சருகையோ தேங்காய் நார்க்கழிவையோ அடியில் பரப்பி, அதன்மேல் காய்கறிக் கழிவு, அதற்கு மேல் மீண்டும் சருகு என அடுக்க வேண்டும். ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் மக்குவது விரைவாகும். சில நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் உள்ளே காற்று புகும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டினால் போதும். புழுக்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை தம் வேலையைச் செய்கின்றன. எலும்பு, மீன் கழிவு, எண்ணெய்ப் பண்டங்களைப் பானையில் போடாமல் வண்டியில் கொடுப்பது நல்லது. 45 முதல் 60 நாள்களில் மண்வாசனையோடு கரும்பழுப்பு உரம் கிடைக்கும்.

நான்காவதாக, பங்காகச் சேர்ந்து செய்வோம். திருவிழா அசனத்தில் பிளாஸ்டிக் பூசிய காகித இலைக்குப் பதிலாக வாழையிலை போட்டால், இலையும் சோறும் ஒன்றாகவே மக்கிவிடும். காகிதக் கப்புகளின் உட்புறத்திலும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு என்பதால், எவர்சில்வர் தம்ளர்களை வாங்கி வைத்துக் கழுவிப் பயன்படுத்தலாம். கோவில் வளாகத்துச் சருகை எரிக்காமல், உரக்குழியில் சேர்க்கலாம். பந்தி முடிந்ததும் இலை எடுக்கும் வேலையை இளைஞர் குழுவும் பங்குப்பேரவையினரும் முதலில் செய்யட்டும். நூறு அறிவுரைகளைவிட அந்த ஒரு காட்சி பிள்ளைகளின் மனதில் பதியும்.

நாளை காலை விசில் சத்தம் கேட்கும்போது, கவரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடாமல், இரண்டு கூடைகளோடு நாமே வெளியே வருவோம். வண்டியோடு நிற்பவரின் முகத்தைப் பார்ப்போம். "அண்ணா, இதில் ஊசி எதுவும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்வோம். நம்மால் அவருடைய கைக்குக் காயம் வராது என்ற உறுதியோடு அந்த நாளைத் தொடங்குவோம்.