கதவு திறந்தது, முதியோர் வெளியே நின்றனர்: ஜப்பான் கொரியர்களின் ஓய்வூதிய மறுப்பு

1952 ஏப்ரல் 28 அன்று சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். காலனியாட்சியில் பேரரசின் குடிகளாகக் கருதப்பட்டு, சுரங்கங்களில் உழைப்பு சுரண்டப்பட்ட மக்கள் ஒரே நாளில் அயலாராயினர்.

1959-இல் இயற்றப்பட்ட தேசிய ஓய்வூதியச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. அகதிகள் உடன்படிக்கையில் ஜப்பான் இணைந்ததால், 1982-இல் குடியுரிமை நிபந்தனை நீக்கப்பட்டது. ஆயினும் 2017 வரை ஓய்வூதியம் பெற 25 ஆண்டுகள் சந்தா செலுத்தியிருக்க வேண்டியிருந்தது. அப்போது 35 வயதைக் கடந்திருந்தவர்கள் 60 வயதுக்குள் அதை எவ்வாறு நிறைவு செய்திருக்க இயலும்?

1986-ஆம் ஆண்டுத் திருத்தம், விலக்கப்பட்டிருந்த ஆண்டுகளைத் தகுதிக் காலமாக ஏற்றது. அவற்றுக்கான தொகையை வழங்கவில்லை. அப்போதே 60 வயதைக் கடந்திருந்தோர் முற்றிலும் விடுபட்டனர்.

இது தவிர்க்க இயலாத விளைவன்று. 1972-இல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியபோது, அதன் மக்களுக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கொரியர்களுக்கும் இடைக்கால ஏற்பாடு தேவை என ஐ.நா. மனித உரிமைக் குழு 2008-இல் வலியுறுத்தியது.

வறியோருக்கான அரசு உதவியும் அயல்நாட்டவருக்குச் சட்டப்படியான உரிமையன்று என ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஓய்வூதியமற்ற முதியவர், நிர்வாகத்தின் கருணையை நம்பியே நிற்க வேண்டியுள்ளது. சட்டத்திலிருந்து பாகுபாட்டுச் சொல்லை நீக்குவது முதற்படி; அச்சொல் பறித்த ஆண்டுகளை ஈடுசெய்வதே நீதி.