டயரின் பிடிப்பும் பிரேக்கின் எல்லையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அப்போலோ, ஜே.கே., சியட் நிறுவனங்களின் டயர் ஆலைகள் இயங்குகின்றன. வெவ்வேறு பிடிப்புள்ள தளங்களில் வாகனங்களின் பிரேக்கைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான் உள்ளது. டயரும் பிரேக்கும் இவ்வாறு அருகருகே ஆராயப்படுவது பொருத்தமே. பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் தடுக்கிறது. வண்டியை நிறுத்தும் விசையோ, டயர் சாலையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தின் உராய்விலிருந்து கிடைக்கிறது. அவ்விடத்தில் கிடைக்கக்கூடிய பிடிப்பு விசைக்கும் டயர் தாங்கும் எடைக்கும் உள்ள விகிதம் உராய்வுக் குணகம் எனப்படும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், இக்குணகம் 0.7 ஆக இருக்கும்போது பிரேக் பிடித்தபின் சுமார் 20 மீட்டரில் நிற்கும்; அதுவே 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர் ஓடும்.

மழைநாளில் இக்குணகத்தைக் காப்பது, ஓட்டுநர்கள் 'பட்டன்' என்று சொல்லும் மேற்புற வரிப்பள்ளங்களே. சாலையில் தேங்கிய நீர் அவற்றின் வழியே வெளியேறுவதால்தான் ரப்பர் தரையைத் தொட முடிகிறது. பட்டன் தேய்ந்த மொட்டை டயரின் அடியில் நீர் சிக்கிக்கொள்ள, வேகம் கூடும்போது டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். இதனை நீர்மிதப்பு எனலாம். அதன் தொடக்க வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வு 1963-இல் காட்டியது. அதன்படி, சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்திலும், 20 பவுண்டு மட்டுமே உள்ள டயர் 74 கி.மீ. வேகத்திலும் மிதக்கக்கூடும். இரண்டு மாதமாகக் காற்றுப் பிடிக்காத வண்டியின் ஆபத்து இதிலிருந்து விளங்கும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தும் ஏபிஎஸ் அமைப்பு, இருக்கும் பிடிப்பை நன்கு பயன்படுத்துமேயன்றி, இல்லாத பிடிப்பை உருவாக்காது. புதிய வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதென்று தேய்ந்த டயரைப் பொறுத்துக்கொள்வது பெரும் தவறு.

மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கும் லாரிக்கும் 1.6 மி.மீ., இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் 0.8 மி.மீ. என்று பட்டனின் குறைந்தபட்ச ஆழத்தை வரையறுக்கின்றன. வரிப்பள்ளத்தின் அடியில் குறுக்காக அமைந்துள்ள சிறு ரப்பர் மேடு, மேற்பரப்புடன் சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். எனினும் நீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுவதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் 3 மி.மீ. அளவிலேயே மாற்றுவது நல்லது. காற்றழுத்தத்தை, சில மணி நேரம் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டி, உண்மையான குறையை மறைத்துவிடும்.