காரணி தெரியாமலே பகா எண்

பென்னாகரத்தின் பின்கோடு 636810. பூச்சியத்தில் முடிவதால் அது பகா எண் அல்ல என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். ஒன்றைக் கூட்டி 636811 ஆக்கினால்? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வர்க்கமூலம் 798-ஐ ஒட்டி வருகிறது. அதுவரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளை, 7-லேயே அகப்பட்டுக்கொள்கிறது: 7 × 90973.

ஆறு இலக்கத்துக்கு இந்த வழி போதும். 2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுராண்ட் கண்டறிந்த எண்ணுக்கு? 136279841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பெரிய பகா எண்; மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதுவதுபோல் இலக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டு ஒரே வரியாக எழுதிக்கொண்டே போனால் 410 கிலோமீட்டர்! பென்னாகரத்தில் தொடங்கும் வரி சென்னையையும் தாண்டிவிடும். இதை வகுத்து வகுத்துச் சோதிக்கப் பிரபஞ்சத்தின் ஆயுளும் போதாது.

பின் எப்படி உறுதி செய்தார்கள்? பிரெஞ்சுக்காரர் எட்வர்ட் லூக்கா 1870-களில் தொடங்கிவைத்து, 1930-இல் அமெரிக்கர் லேமர் செப்பனிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் 4 என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்துத் திரும்பவும் அதே வேலை. 31-ஐ எடுத்துக்கொள்வோம், அது 2-இன் ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைவு. 16-இல் 2 போனால் 14. 196-இல் 2 போனால் 194, மீதி 8. 64-இல் 2 போனால் 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவாக மூன்றே சுற்று. முடிவில் பூச்சியம் வந்ததால் 31 பகா எண். வராவிட்டால் பகு எண். காரணி எது என்று மட்டும் சோதனை சொல்லாது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இதுதான் பெரிய வியப்பு: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, உடையும் என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் இது இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு மட்டுமே செல்லும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் விரைவாக, ஐயத்துக்கு இடமில்லாமல் தீர்ப்புச் சொல்லும் வழி 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அதைக் கண்டார்கள். மாணவர்கள் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அடித்தளம் பள்ளியில் பார்க்கும் பாஸ்கல் முக்கோணம். 5-க்குரிய வரி 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து ஒன்றுகள் நீங்கலாக எல்லாமே 5-ஆல் வகுபடும். 4-க்குரிய வரியில் நடுவில் நிற்கும் 6, நான்கால் வகுபடாது. பகா எண்களின் வரி மட்டுமே இப்படி முழுதாக வகுபடும். பெரிய எண்ணுக்கு வரி முழுவதையும் எழுதுவது நடக்காத காரியம். எழுதாமலே சரிபார்க்க வழி கண்டதுதான் மூவரின் சாதனை. 2006-இல் அதற்குக் கோடல் பரிசு கிடைத்தது.

பென்னாகரம் வட்டாரக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகா எண் பாடம் நடத்தும்போது, லூக்கா–லேமர் சோதனையில் 127-ஐக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஏழாம் அடுக்கு என்பதால் ஐந்து சுற்று: 14, 67, 42, 111, 0. பிறகு, பதினொன்றாம் அடுக்கில் பிறக்கும் 2047-ஐப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஒன்பது சுற்று முடிந்தாலும் பூச்சியம் வராது. அது 23 × 89.