தண்ணீர் சேர்த்தது, வறட்சி காத்தது

மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லிக்கு வடக்கே, லியோனோரா, லேவர்ட்டன் பக்கம் தங்கம் தேடப் போகிறவர்கள் வண்டியில் முதலில் ஏற்றுவது தண்ணீர். மெட்டல் டிடெக்டர், சிறு கோடரி, படுக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால், ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரையிலான குளிர்ந்த மாதங்களில்தான் இந்தப் பயணம். தார்ச்சாலையை விட்டு இறங்கி, சிவப்பு மண்ணும் முல்கா மரங்களும் மட்டுமே உள்ள வெளியில் வாரக்கணக்கில் முகாம் போடுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் கையில் சிக்குவது துருப்பிடித்த ஆணியும் தகரத் துண்டும்தான். ஆனால் சில நாட்களில் தங்கமே சிக்குகிறது. 130 ஆண்டுகளாக மனிதர்கள் சலித்தெடுத்த நிலத்தில், ஒரு சாண் ஆழத்தில், இன்னும் தங்கக் கட்டிகள் கிடக்கின்றன.

அவை ஏன் அங்கே இருக்கின்றன? இவ்வளவு மேலாக ஏன் கிடக்கின்றன? இரண்டு கேள்விகளுக்கும் விடை தண்ணீர். ஒரு காலத்தில் இருந்த தண்ணீரும், பிறகு இல்லாமல் போன தண்ணீரும்.

வெந்நீரில் வந்த தங்கம்

தங்கச் சங்கிலியோடுதான் குளிக்கிறோம், சங்கிலி கரைவதில்லை. சாதாரண நீரால் தங்கத்தை அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் நிலைமை வேறு. அங்கே பாறைகள் அழுந்திச் சூடேறும்போது அவற்றிலிருந்து நீர் பிழிந்து வெளியேறுகிறது. மேலே உள்ள பாறையின் பெரும் அழுத்தம் அதைக் கொதித்து ஆவியாக விடாது. 300 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தும் நீர்மமாகவே இருக்கும் அந்த வெந்நீரில் கந்தகமும் கலந்திருந்தால் தங்கம் அதில் கரைகிறது. கந்தகத்தின் துணையோடு, மிக மிகச் சிறிய அளவில், பாறைப் பிளவுகள் வழியாக மேலேறுகிறது.

கல்கூர்லி நிற்கும் யில்கார்ன் பகுதி பூமியின் மிகப் பழைய நிலத் துண்டுகளில் ஒன்று. அங்கே சுமார் 260 கோடி ஆண்டுகளுக்கு முன் இது நடந்தது. மேலேறிய வெந்நீர் வழியில் இரும்பு மிகுந்த கரும்பாறைகளைச் சந்தித்தது. இரும்பு நீரில் இருந்த கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு பைரைட் என்ற கனிமமாக மாறியது. துணையை இழந்த தங்கத்தால் கரைந்திருக்க முடியவில்லை, அங்கேயே படிந்தது. கல்கூர்லியை ஒட்டி இருக்கும் ‘கோல்டன் மைல்’ என்ற புகழ்பெற்ற தங்கப் பாறைத் தொகுதி இப்படிப்பட்ட பாறையில்தான் உருவானது.

நிலநடுக்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிளவு ஒன்று அதிர்ந்து திறக்கும்போது வெந்நீர் பாய்கிறது; அழுத்தம் குறைந்ததும் அதில் கரைந்திருந்த குவார்ட்ஸ் படிந்து பிளவை அடைக்கிறது; மீண்டும் அழுத்தம் ஏற, மீண்டும் அதிர்வு. ஆயிரக்கணக்கான முறை இப்படித் திறந்து மூடியதன் தடயம்தான் வெள்ளை வெளேரென்று பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் நரம்புகள். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கம் கரைந்த திரவத்தில் குவார்ட்ஸை வைத்து, நிலநடுக்கத்தைப் போல அதை அதிர வைத்துப் பார்த்தார்கள். குவார்ட்ஸின் மேல் தங்கம் படிந்தது. ஏற்கெனவே தங்கத் துகள் இருந்த இடத்தில் புதிய தங்கம் மேலும் சேர்ந்தது. 2024இல் வெளிவந்த இந்த ஆய்வு, தங்கம் ஏன் தூளாகப் பரவாமல் கட்டி கட்டியாகத் திரள்கிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் தருகிறது.

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலின் பாறையும் இதே வகைத் தொல்பாறைதான். அங்கே தங்கத்தைத் தேடி 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்க வேண்டியிருந்தது. யில்கார்னிலோ ஒரு பகுதி மேல்மண்ணுக்கே வந்துவிட்டது. மேலே இருந்த பாறையெல்லாம் போய்விட்டதுதான் காரணம்.

மலை போனது, தங்கம் நின்றது

தங்கம் படிந்த காலத்தில் அதன் மேலே பல கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையும் காற்றும் அதைத் தேய்த்து எடுத்துச் சென்றுவிட்டன. பிறகு வந்த வெப்பமும் ஈரமுமான நீண்ட காலம், எஞ்சிய பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்கு ஊற வைத்து, உளுத்துப்போகச் செய்து, களிமண்ணாக்கியது. இரும்பு துருவேறி மண்ணைச் சிவப்பாக்கியது. தங்கம் மட்டும் துருப்பிடிக்கவில்லை, தொலைவுக்கு நகரவும் இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம், அதே அளவு குவார்ட்ஸ் 2.65 கிராம்தான். சுற்றியுள்ள மண் கரைந்து போகப் போக, தங்கம் இருந்த இடத்திலேயே மெல்லக் கீழிறங்கிச் சேர்ந்தது.

அதன் பிறகு மழை குறைந்தது. இன்று கல்கூர்லியில் ஆண்டு மழை சுமார் 260 மில்லிமீட்டர். தங்கத்தைக் கடலுக்கு அடித்துச் செல்லும் பெரிய ஆறு அங்கே இல்லை. பெய்கிற மழை உப்பு ஏரிகளில் தேங்கிக் காய்கிறது. நீர் வளம் மிக்க நாடுகளில் ஆறுகள் தங்கத்தை மைல் கணக்கில் இழுத்துப்போய்த் தூளாக்கும். இங்கே வறட்சியே காவலாக நின்றது.

தங்கக் கட்டிகள் மண்ணிலேயே, மரவள்ளி பெருப்பதைப் போல, வளர்ந்தவை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. ஆஸ்திரேலிய அறிவியல் அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் பல கட்டிகளை அறுத்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே கலந்திருந்த வெள்ளியும், தங்கப் படிகங்கள் அடுக்கப்பட்டிருந்த விதமும், அவை ஆழத்தில் வெப்பத்தில் பிறந்தவை என்பதைக் காட்டின. எனினும் மண்ணில் எதுவும் நடப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. தங்கத் துகள்களின் மேற்பரப்பில் வாழும் ஒருவகை பாக்டீரியா, மண்ணில் மிகச் சிறிதளவு கரைந்திருக்கும், தனக்கு நஞ்சான தங்கத்தை மீண்டும் உலோகமாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. கட்டியின் உடல் வெந்நீரின் வேலை. மேற்தோலில் கொஞ்சம் நுண்ணுயிர்களின் வேலையும் இருக்கிறது.

மேலாகக் கிடப்பது என்றால் எவ்வளவு மேலாக? விக்டோரியா மாநிலத்தின் மோலியாகுலில் 1869இல் கிடைத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியில் 70 கிலோவுக்கு மேல் தங்கம் இருந்தது, நம் கணக்கில் ஏறக்குறைய 9,000 பவுன். அது ஒரு மரத்தடியில், தரைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் கிடந்தது. எடை போடத் தராசு போதாமல், பட்டறையில் உடைத்துத்தான் எடை போட்டார்கள்.

காற்றில் தூற்றியவர்கள்

மேற்கில் பெரும் வேட்டை தொடங்கியது 1892 செப்டம்பரில். ஆர்தர் பேலியும் வில்லியம் ஃபோர்டும் கூல்கார்டியில் கண்ட தங்கத்தில் 554 அவுன்ஸ், அதாவது 17 கிலோவுக்கு மேல், பதிவுக்கு வந்தது. மறு ஆண்டு ஜூனில் பேடி ஹானனும் அவருடைய இரு கூட்டாளிகளும் இன்றைய கல்கூர்லியில் தங்கம் கண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நடந்தும் ஒட்டகத்தின் துணையோடும் வந்து சேர்ந்தார்கள்.

தங்கத்தை மண்ணிலிருந்து பிரிக்க உலகெங்கும் நீரில் அலசுவார்கள். இங்கே குடிக்கவே நீர் இல்லை. ஆகவே இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டார்கள். ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கி, காய்ந்த மண்ணைக் கீழே இருக்கும் தட்டில் மெல்லக் கொட்டினார்கள். காற்று தூசியை அடித்துப் போக, கனமானது நேரே விழுந்தது. களத்தில் பதர் தூற்றியவர்களுக்கு விளக்கமே வேண்டாத வேலை இது. பின்னாளில் துருத்தி வைத்த சல்லடைப் பொறிகள் வந்தன.

நீருக்காக உப்பு ஏரி நீரை இரும்புத் தொட்டிகளில் காய்ச்சி, ஆவியைக் குழாயில் குளிர வைத்து, அளந்து விற்றார்கள். அதற்கான விறகுக்காகக் காடுகள் அழிந்தன. நல்ல நீர் இல்லாத முகாம்களில் டைஃபாய்டு பரவி நிறையப் பேர் இறந்தார்கள். அதே நிலத்தில் தொல்குடி மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரைக் கல்லாலும் தழையாலும் மூடி, வெயிலும் விலங்கும் அண்டாமல் காத்தார்கள். நம்மா எனப்படும் அந்தக் குழிகளைத் தங்கம் தேடி வந்தவர்கள் வற்றச் செய்தார்கள். இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி மக்களைப் பிடித்துக் கட்டி வைத்ததும் உண்டு. தங்கத்தின் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் பெர்த் அருகே ஓர் அணை கட்டி, எட்டு நீரேற்று நிலையங்கள் வைத்து, 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்குக் குழாயில் நீர் கொண்டுவந்தார்கள். 1903 ஜனவரியில் கல்கூர்லிக்கு நீர் வந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் சி. ஒய். ஓ’கானர் கடும் எதிர்ப்புகளின் நடுவே அதற்கு முந்தைய ஆண்டே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திட்டம் இன்றும் அந்த ஊர்களுக்கு நீர் தருகிறது.

மண்ணைக் கழித்துக் கேட்பது

ஆழத்தில் தங்கத்தைப் படிய வைத்த அதே இரும்பு, இன்று தேடுகிறவர்களுக்குப் பெரும் தடை. டிடெக்டரின் வட்டச் சுருளில் மின்சாரம் நொடிக்குப் பலநூறு முறை பாய்ந்து, சட்டென்று நிற்கிறது. நின்ற கணத்தில் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டம் பிறந்து, நொடியின் லட்சத்தில் சில பங்குக்குள் மடிகிறது. அந்த மடிதலைத்தான் கருவி கேட்கிறது. ஆனால் செம்மண்ணில் உள்ள இரும்புத் துகள்களும் காந்தமேறி, அந்தக் காந்தத்தை உடனே விடாமல் பதில் குரல் கொடுக்கும். இரண்டும் மடியும் விதம் வேறு: உலோகத்தின் குரல் வேகமாகத் தேய்ந்து மறையும், மண்ணின் குரல் இழுத்து இழுத்து அடங்கும். வெவ்வேறு கணங்களில் கேட்டு, மண்ணின் பங்கைக் கழித்துவிட்டால் தங்கம் தனித்துக் கேட்கும். அடிலெய்டின் மைன்லேப் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த கருவி இந்த முறையில் வேலை செய்தது. பழைய கருவிகளால் எதுவும் கேட்க முடியாத மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் வரத் தொடங்கியது.

குரல் கேட்டதும் முதலில் காலணியால் மேல்மண்ணைத் தள்ளிப் பார்க்கிறார்கள். குரல் நகர்ந்தால் அநேகமாக அது மேலே கிடக்கும் ஆணி. நகராவிட்டால் கொத்துகிறார்கள். தோண்டிய மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, பாதிப் பாதியாகப் பிரித்துச் சுருளின் மேல் காட்டி, குரல் தரும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சிட்டிகை மண்ணுக்கு வருகிறார்கள். அதில் இருப்பது பளபளப்பதில்லை. செம்மண் அப்பிய, சொரசொரப்பான ஒரு பரல். அளவுக்கு மீறிய கனம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

கருவிக்கு எட்டாத ஆழத்துக்கு மரங்கள் எட்டுகின்றன. கல்கூர்லிக்கு வடக்கே ஓரிடத்தில் 30 மீட்டருக்கும் கீழே தங்கப் பாறை புதைந்திருக்கிறது. அதன் மேல் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் இலைகளில் தங்கத் துகள்கள் இருப்பதை 2013இல் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் காட்டினார்கள். வறட்சியில் நீரைத் தேடி அவ்வளவு ஆழம் இறங்கிய வேர், நீரோடு கரைந்த தங்கத்தையும் உறிஞ்சுகிறது. மரம் அதை இலைக்குத் தள்ளி ஒதுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. நகை செய்ய உதவாது. ஆனால் எங்கே துளையிடலாம் என்பதை ஒரு குழிகூடத் தோண்டாமல் சொல்லிவிடும்.

மைனர்ஸ் ரைட் என்ற உரிமம் பெற்று, கால்நடைப் பண்ணைக்காரருக்குத் தகவல் சொல்லி, ஆபத்தில் இருப்பிடம் சொல்லும் செயற்கைக்கோள் கருவியோடு போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விதிகள் உண்டு. புதருக்குள் மறைந்திருக்கும் பழைய சுரங்கக் குழிகளுக்கு அஞ்சி, பின்பக்கமாக அடி வைக்கக் கூடாது. தோண்டிய ஒவ்வொரு குழியையும் மூட வேண்டும். இரண்டாவது விதி கங்காருவும் மாடும் கால் முறியாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மீட்டர் மட்டுமே தேயும் நிலம் இது. 1890களில் தூற்றியவர்கள் கொட்டிய மண்குவியல்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. தங்கத்தை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்த நிலம் நாம் ஏற்படுத்தும் காயங்களையும் அதேபோலப் பத்திரமாக வைத்திருக்கும். அதனால் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடுவதும் தங்கம் தேடுவதன் ஒரு பகுதிதான்.