சைக்கிளில் சுசீந்திரம் வரை

திருவனந்தபுரம் – நாகர்கோவில் சாலை நம் சங்கத்து நண்பர்களில் பெரும்பாலோருக்கு பஸ் ஜன்னல் வழியாகப் பழக்கமானதுதான். அந்தச் சாலையில் சைக்கிளில் ஊருக்குப் போக வேண்டுமென்ற ஆசை எனக்கு ஐம்பத்தாறாவது வயதில் வந்தது. சுசீந்திரத்தில் என் தாயார் இருக்கிறார்கள். கிழக்கேக்கோட்டையிலிருந்து அங்கே சுமார் 75 கிலோமீட்டர்.

முதல் முறை தோற்றேன். பாறசாலை அருகே பின்சக்கரம் பஞ்சர். கையிலிருந்த புது டியூபை மாட்டிப் புறப்பட்டேன். களியக்காவிளை வருவதற்குள் அதுவும் போயிற்று. டயருக்குள் நின்ற முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றியிருக்கிறேன்! உச்சி வெயில், முழங்காலில் வலி வேறு. வண்டியை ஆட்டோவில் ஏற்றித் திரும்பினேன். "இந்த வயதில் இது வேண்டாம்" என்றார்கள் வீட்டில். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மனத்தை மாற்றியது நவராத்திரி ஊர்வலம். பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இதே வழியாகத்தான் இங்கு எழுந்தருளுகிறார்கள். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். சாமிகளே தங்கித் தங்கி வரும் சாலையை நான் ஏன் ஒரே மூச்சில் கடக்க வேண்டும்? தக்கலையில் ஓர் இரவு தங்குவதென்று முடிவு செய்தேன்.

புறப்படுமுன் வண்டியையும் கவனித்தேன். புதிதாகத் தொடங்குவோருக்கு இவை போதும்.

சீட்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். என் சீட் தாழ்ந்திருந்ததே முழங்கால் வலிக்குக் காரணம்.

காற்று: எவ்வளவு வேண்டுமென்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்தால் மிதிப்பதும் பாரம், பஞ்சரும் எளிது.

செயின்: மண்ணெண்ணெய் நனைத்த பழைய வேட்டித் துணியால் துடைத்து, கணுவுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். மிஞ்சிய எண்ணெயில் மண் ஒட்டி செயினைத் தேய்த்துவிடும்.

பிரேக்: அழுத்தும்போது பிடி ஹாண்டில்பாரைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும்; டயரில் உரசக் கூடாது. பாறசாலைக்கு அப்பால் ஏற்ற இறக்கம் அதிகம்.

பஞ்சர்: மாற்று டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் பட்டை, சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இவற்றைக் கையில் வைத்திருங்கள். புது டியூப் மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள் அங்கேதான் காத்திருக்கும்.

பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுங்கள். தாகம் எடுக்குமுன் தண்ணீர், பசி எடுக்குமுன் பழம். சாலை குறுகல், பஸ்ஸும் லாரியும் மிகுதி. ஆகவே விடிந்தவுடன் கிளம்பி வெயிலுக்குமுன் பாதித் தூரம் கடந்துவிடுவது நல்லது. மார்கழி, தை ஏற்ற மாதங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசும் மேல்காற்று போகும்போது முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். திரும்பி மிதிக்க முடியாதவர்கள் நாகர்கோவில் ரயில் நிலையத்தில், லக்கேஜ் பெட்டியுள்ள வண்டியாகப் பார்த்து சைக்கிளை புக் செய்துவிட்டு வரலாம்.

தைமாதம் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். பாலராமபுரத்தில் தேநீர், மார்த்தாண்டத்தில் மட்டிப்பழம். மாலையில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பராமரிப்பில் நிற்கும் அந்த அரண்மனை, 1956-இல் இந்த எல்லை போடப்பட்ட கதையை நினைவூட்டிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு சுசீந்திரம் தெப்பக்குளத்தருகே மணியடித்தேன்.

வாசலுக்கு வந்த அம்மா என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "மக்களே, பஸ்ஸு ஒண்ணும் ஓடல்லியா?" என்றார்கள். பிறகு டயரைத் தொட்டுப் பார்த்து, "காத்து இருக்கு" என்றார்கள்.

கன்னியாகுமரிக்கு இன்னும் 12 கிலோமீட்டர்தான். அடுத்த தைக்கு உங்களில் யாராவது துணைக்கு வருகிறீர்களா?